கதைக்கு முடிவு கேட்கிறோம்!

துப்பாக்கிகள் நீட்டப்பட்டுவிட்டன. எதிரே ஒரு பெண்மணி நிறுத்தப்பட்டிருக்கிறாள். ஆணை பிறக்கிறது. வெடிச் சத்தம் கேட்கிறது. காட்சி அத்தோடு நின்றுவிடுகிறது.

பிழைத்தாளா? மாண்டாளா? சொல்வாரில்லை!

அது 1981-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவிலே ஏ.பி.சி. என்னும் தொலைக்காட்சிக் கம்பெனி 1977 முதல் ஒளிபரப்பி வந்த 'சோப்' என்ற நகைச்சுவைத் தொடரின் கடைசிப் பகுதி அது. அந்தப் பெண்மணியின் பெயர் ஜெசிகா டேட். வேடம் புனைந்தவர் கேதரின் ஹெல்மண்ட். நான்கு ஆண்டுக் காலம் அவளோடு சேர்ந்து சிரித்த மக்கள், அவளுக்கு என்ன ஆயிற்று என்று அறியும் ஆவலோடு எழுந்து போனார்கள். அடுத்த பகுதி வரும், விடை கிடைக்கும் என்றிருந்தார்கள். அடுத்த பகுதி வரவே இல்லை. தொடர் நிறுத்தப்பட்டது. கதை எழுதியவர்களுக்கு விடை தெரிந்திருக்கலாம்; பார்த்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

பின்னொரு நாள், இதன் கிளையாகப் பிறந்த வேறொரு தொடரிலே அவள் ஆவி வடிவில் வந்து, தான் இறக்கவில்லை, நினைவிழந்து கிடப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான்காண்டுக் கதைக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்!

விடிய விடிய நடக்கும் கூத்திலே, நடுச்சாமத்தில் விளக்கை அணைத்துவிட்டு, "கதை இம்மட்டும்தான், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்று ஒருவன் சொன்னால், ஊர் சும்மா இருக்குமா? கேட்கமாட்டார்களா, "யாரப்பா நீ, விளக்கை அணைக்க?" என்று? அந்தக் கேள்வியைத்தான் நாமும் கேட்கப் போகிறோம்.

"வயிற்றுப்பாடு, வாடகை, வேலைநீக்கம் என்று ஆயிரம் கவலை இருக்கும்போது, கடல் கடந்த நாட்டில் ஒரு கதை நின்றுபோனது நமக்கென்ன பிரச்சினை?" என்று தோழர்கள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது இயல்பே. ஆனால், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒரு தொழிலை யார் தொடங்குகிறார்கள், யார் உழைக்கிறார்கள், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, கணக்குப் புத்தகம் யார் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது — இந்த நான்கு கேள்விகளும் ஆலை வாயிலில் நின்று பழகிய நமக்குப் புதியவை அல்ல. அவையேதான் கதைக் கொட்டகையிலும் எழுகின்றன.

சரக்கு எது?

அமெரிக்கத் தொலைக்காட்சி தொடக்கத்திலிருந்தே தனியார் வாணிபமாக வளர்ந்தது. என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. என்ற மூன்று பெரிய கம்பெனிகள் பல ஆண்டுகள் கோலோச்சின. காசு கொடுக்காமல் யாரும் பார்க்கலாம். "ஆகா, என்ன தாராளம்!" என்று எண்ணிவிடாதீர்கள். காசு கொடுத்தவர் வேறு ஆள்: சோப்பு விற்பவர், கார் விற்பவர், சிகரெட் விற்பவர். அவர்கள் காசு கொடுத்து எதை வாங்கினார்கள்? கதையையா? இல்லை. கதையைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் மக்களின் கண்களை வாங்கினார்கள். கதை தூண்டில் புழு. பார்ப்பவர்தான் சரக்கு!

சரக்கு என்றால் எடை போட வேண்டுமல்லவா? அந்தத் தராசுக்குப் பெயர் நீல்சன். எத்தனை பேர் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் தனியார் நிறுவனம் அது. 1960-களில் அது கருவி வைத்துக் கணக்கெடுத்தது ஏறத்தாழ 1,200 வீடுகளில். அத்தனை பெரிய நாட்டில், கோடிக்கணக்கான வீடுகளில், எந்தக் கதை வாழும், எந்தக் கதை சாகும் என்பதை அந்தச் சில வீடுகளின் கணக்கு முடிவு செய்தது. மாதிரி எடுத்துக் கணக்கிடுவது ஒரு கலை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால், பார்த்தவர் எத்தனை பேர் என்றுதான் அந்தத் தராசு சொல்லும். எவ்வளவு ஆழமாகப் பார்த்தார்கள், முடிவறிய எவ்வளவு தவித்தார்கள் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

பிற்காலத்தில் தலை எண்ணிக்கைகூடப் போதவில்லை. 18 வயது முதல் 49 வயது வரை உள்ளவர் எத்தனை பேர் என்று தனியே எண்ணத் தொடங்கினார்கள். பொருள் வாங்கும் வயது அதுதான் என்பது விளம்பரக்காரர் துணிபு. பாட்டியும் தாத்தாவும் பத்து வாரம் விடாமல் பார்த்தாலும், தராசில் அவர்களுக்கு எடை குறைவு!

ஊக்கியவனே ஒடுக்குகிறான்

இங்கே ஒரு சூழ்ச்சியைத் தோழர்கள் கவனித்திட வேண்டும்.

அமெரிக்கத் தொடர்கள் ஆண்டுக்கொரு தொகுதியாக வருபவை. அதைப் பருவம் என்பார்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கி, வழக்கமாக இருபத்திரண்டு பகுதிகள்போல ஓடி, வேனிலில் முடியும். பருவத்தின் கடைசிப் பகுதியிலே நாயகனை மலை விளிம்பில் தொங்கவிட வேண்டும்! அப்போதுதான் அடுத்த பருவத்துக்கு மக்கள் திரும்பி வருவார்கள். இதற்குக் கம்பெனியின் ஊக்கம் உண்டு, விளம்பரதாரரின் மகிழ்ச்சி உண்டு. எழுத்தாளன் தொங்கவிடுகிறான். அதன் பிறகு, அதே கம்பெனி கணக்கைப் புரட்டிப் பார்த்து, கயிற்றை அறுத்துவிடுகிறது!

1990 மார்ச்சில் என்.பி.சி. கம்பெனியின் 'ஆல்ஃப்' தொடருக்கு இந்தக் கதி நேர்ந்தது. வேற்றுக் கோளிலிருந்து வந்து ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்ட, மயிரடர்ந்த குறும்புக்கார உயிர்தான் ஆல்ஃப். பிள்ளைகள் கொண்டாடிய பாத்திரம். பருவத்தின் கடைசிப் பகுதியிலே, அவனை அழைத்துச் செல்ல விண்கலம் வருகிறது. அது வந்து சேருமுன் பட்டாளத்தார் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். "தொடரும்" என்று எழுத்துகள் விழுகின்றன. தொடரவில்லை! ஆறு ஆண்டுகள் கழித்து, 1996-ல், வேறொரு கம்பெனி வழியாக ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. ஆனால், அவனை வளர்த்த குடும்பத்தார் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. பத்து வயதில் அழுத பிள்ளைக்குப் பதினாறு வயதில் பதில் சொன்னார்கள். அதையும் அரைகுறையாகச் சொன்னார்கள்.

1990-ல் தொடங்கி அமெரிக்காவையே ஆட்டிவைத்த 'ட்வின் பீக்ஸ்' தொடரின் கதையும் இதே வகைதான். "லாரா பாமரைக் கொன்றது யார்?" என்பதே மக்கள் கேள்வி. அந்த மர்மத்தைச் சீக்கிரம் உடைக்கும்படி ஏ.பி.சி. கம்பெனி நெருக்கியது. உடைத்தார்கள். உடைத்ததும் பார்ப்போர் குறைந்தனர். அதற்கு முன்பே, இரண்டாம் பருவத் தொடக்கத்திலேயே தொடரைச் சனிக்கிழமை இரவுக்குத் தள்ளியிருந்தார்கள். வீட்டில் ஆள் தங்காத நேரம் அது! 1991 ஜூனில், துப்பறியும் நாயகனையே தீய சக்தி பற்றிக்கொண்ட காட்சியோடு தொடர் நின்றது. மீண்டும் கதை தொடர்ந்தது 2017-ல். இடையில் இருபத்தாறு ஆண்டுகள்! நடித்தவர்களில் சிலர் மறைந்தே போயிருந்தனர்.

2002-ல் ஃபாக்ஸ் கம்பெனி செய்ததோ இன்னும் விந்தை. 'ஃபயர்ஃபிளை' என்ற தொடருக்குப் பதினான்கு பகுதிகள் படமாயின. கதையைத் தொடங்கிவைக்கும் முதற்பகுதியை முதலில் காட்டவில்லை, கடைசியாகக் காட்டினார்கள்! தலையை வெட்டி வாலில் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை இரவில் போட்டார்கள். பிறகு, "கதை புரியவில்லை, ஆள் வரவில்லை" என்று சொல்லாமல் சொல்லி, பதினோரு பகுதிகளோடு நிறுத்தினார்கள். பிற்பாடு குறுந்தட்டாக விற்றபோது மக்கள் வாங்கிக் குவித்தார்கள். 2005-ல் வேறு கம்பெனி ஒரு திரைப்படம் எடுத்துக் கதைக்கு ஓரளவு முடிவு கட்டியது. சரக்கில் பழுதில்லை, கடைக்காரன் வைத்த இடம்தான் பழுது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

ஓடியவன் வீடு சேர்ந்தான்

முடிவு கொடுத்தால் கம்பெனி முழுகிப்போகுமா? அதற்கும் வரலாற்றிலே விடை இருக்கிறது.

1963 முதல் 1967 வரை ஏ.பி.சி. ஒளிபரப்பிய தொடர் 'தி ஃப்யூஜிட்டிவ்'. மனைவியைக் கொன்றதாகப் பொய்ப் பழி சுமத்தப்பட்டு, மரணத் தண்டனை பெற்று, தப்பி ஓடும் மருத்துவன் ரிச்சர்ட் கிம்பிள். உண்மைக் கொலைகாரன் ஒற்றைக் கையன். டேவிட் ஜான்சன் நடித்தார். நூற்றிருபது பகுதிகள். ஊர் ஊராக ஓடினான். கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தான். பெயரை மாற்றிக்கொண்டே போனான். ஓய்வில்லை, ஒரு வீடில்லை.

அந்நாளில் தொடருக்கு முடிவு என்று ஒன்று கட்டும் வழக்கமே கிடையாது. ஓடுமட்டும் ஓடும், நிற்கும்போது நிற்கும். முடிவு தெரிந்துவிட்டால் பழைய பகுதிகளை மறுபடி விற்க முடியாதே என்ற அச்சம் வேறு வாணிப வட்டாரத்தில் இருந்தது. அப்படியிருந்தும், இத்தனை நாள் கூடவே ஓடிவந்த மக்களுக்கு விடை சொல்லத்தான் வேண்டும் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள்; வென்றார்கள். இரண்டு பகுதிகளாக முடிவு எழுதப்பட்டது.

1967 ஆகஸ்ட் 29. அன்றிரவு, தொலைக்காட்சி இயங்கிய அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு 72 வீடுகள் அந்த முடிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன! ஒற்றைக் கையன் வீழ்ந்தான். உண்மை வெளிப்பட்டது. கிம்பிள் சுதந்திர மனிதனாக நடந்து போனான். அந்தச் சாதனையை முறியடிக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. பின்னர் 1983 பிப்ரவரியில் 'மாஷ்' தொடரின் முடிவை 10 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர்.

ஆக, முடிவு என்பது நட்டக் கணக்கல்ல. மக்கள் காத்திருக்கிறார்கள் என்பதை நம்பாததுதான் நட்டக் கணக்கு.

கடிதமும் கடலையும்

"கம்பெனி நினைத்தால் நிறுத்தும், நாம் என்ன செய்ய முடியும்?" என்று கையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. இங்கேதான் நமது தோழர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது.

'ஸ்டார் டிரெக்' 1966 செப்டம்பரில் என்.பி.சி.யில் தொடங்கியது. விண்கலத்தின் பயணம் ஐந்தாண்டுப் பயணம் என்று ஒவ்வொரு வாரமும் தொடக்கத்திலே அறிவிப்பார்கள். இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திவிடப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்தது. பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற கணவன் மனைவி இருவர் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். கணினி இல்லை, கைப்பேசி இல்லை. முகவரிகளைத் திரட்டினார்கள்; எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டினார்கள்; ஒருவர் பத்துப் பேருக்குச் சொல்ல, பத்துப் பேர் நூறு பேருக்குச் சொல்ல, கம்பெனி வாயிலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன! 1968 ஜனவரியில் மாணவர்கள் தீவட்டி ஏந்தி என்.பி.சி. அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். மார்ச் முதல் நாள், "தொடர் தொடரும், கடிதம் எழுதுவதை நிறுத்துங்கள்" என்ற பொருள்படக் கம்பெனியே ஒளிபரப்பில் அறிவிக்க வேண்டியதாயிற்று!

வெற்றிதான். ஆனால், முதலாளி கொடுத்த கையோடு பறித்ததையும் பாருங்கள். மூன்றாம் பருவத்துக்கு ஒதுக்கிய நேரம் வெள்ளி இரவு 10 மணி. பார்க்க வேண்டிய இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம்! செலவுப் பணத்தையும் குறைத்தார்கள். 1969 ஜூனில் எழுபத்தொன்பது பகுதிகளோடு தொடர் நின்றது. ஐந்தாண்டுப் பயணம் மூன்றாண்டில் முறிந்தது. ஆயினும் அந்த மூன்றாம் பருவம் போராடிப் பெற்றதல்லவா? அதனால்தான் உள்ளூர் நிலையங்களுக்கு மறுபடி மறுபடி விற்கப் போதுமான பகுதிகள் சேர்ந்தன. அப்படி ஓடி ஓடியே புதுத் தலைமுறை பார்த்தது, 1979-ல் திரைப்படமானது, இன்றுவரை கிளைத்துக்கொண்டே இருக்கிறது. கடிதம் போட்ட கைகள் வெறுங்கைகள் அல்ல!

நாற்பது ஆண்டு கழித்து அதே பாடம் வேறு உருவில் வந்தது. 2006-ல் சி.பி.எஸ். கம்பெனி 'ஜெரிக்கோ' என்ற தொடரைத் தொடங்கியது. அமெரிக்கப் பெருநகரங்கள் அணுகுண்டால் அழிகின்றன. கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று தனித்து நின்று எப்படிப் பிழைக்கிறது என்பது கதை. முதற்பருவத்தின் கடைசியில், பக்கத்து ஊர்ப் படை தாக்க வருகிறது. "சரணடைகிறாயா?" என்று கேட்கிறார்கள். நாயகன் சொல்லும் பதில் ஒரே சொல்: "நட்ஸ்!"

அது வரலாற்றுச் சொல். 1944 டிசம்பரில் பெல்ஜிய நாட்டுப் பஸ்தோன் நகரில் ஜெர்மானியர் முற்றுகையிட்டுச் சரணடையச் சொன்னபோது, அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் அனுப்பிய பதில் அந்த ஒற்றைச் சொல்தான். "போடா, போ!" என்பதுபோல. கடலை, முந்திரி போன்ற பருப்புகளுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர்.

போர் தொடங்கும் காட்சியோடு, 2007 மே மாதம் கம்பெனி தொடரை நிறுத்தியது. பார்த்த மக்கள் என்ன செய்தார்கள்? கம்பெனிக்கு அந்த ஒற்றைச் சொல்லையே அனுப்பிவைத்தார்கள்! ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, வேர்க்கடலை மூட்டைகளைக் கம்பெனி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏறத்தாழ இருபது டன்! பலரும் இணையத்திலும் பதிவுசெய்தும் பார்த்தவர்கள். பழைய தராசு அவர்களைச் சரியாக எண்ணவில்லை. எண்ணாவிட்டால் என்ன, மூட்டையாகவே வந்து நிற்கிறோம் என்றார்கள்!

ஜூன் மாதம் கம்பெனி இறங்கி வந்தது. ஏழு பகுதிகள் தருகிறோம் என்றது. கூடவே ஒரு வேண்டுகோள்: புதிதாகப் பார்ப்போரை நீங்களே திரட்டித் தர வேண்டும்! எப்படி இருக்கிறது நியாயம்? சம்பளமில்லாத விளம்பர ஊழியர்களாக மக்களையே ஆக்கிக்கொண்டது. போதிய ஆள் சேரவில்லை என்று 2008 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தியது. ஆனால், இம்முறை ஒரு வேறுபாடு. இரண்டு முடிவுகள் படமாக்கப்பட்டிருந்தன: தொடர் நீடித்தால் ஒன்று, நின்றுவிட்டால் ஒன்று. நிறுத்தியபோது, கதையை முடித்துவைக்கும் காட்சியே ஒளிபரப்பாயிற்று. கடலை மூட்டை தூக்கியவர்கள் முடிவைப் பெற்றுவிட்டார்கள். தொடர் சாகாமல் காக்க முடியவில்லை. அநாதையாகச் சாகாமல் காத்தார்கள். அது சிறு வெற்றியா? அல்லவே அல்ல.

புதிய துரைமார்

இப்போது காலம் மாறிவிட்டது. விளம்பரதாரர் தயவில்லாமல், மக்களே மாதச் சந்தா கட்டி இணைய வழியே பார்க்கும் கம்பெனிகள் முளைத்தன. "இனிமேல் தராசுக்காரன் தொல்லை இல்லை, கலைஞனுக்கு முழு உரிமை" என்று முழங்கினார்கள். நம்பினார்கள் பலர்.

நடந்தது என்ன? பழைய தராசாவது ஊரறியத் தொங்கியது. புதிய தராசு பூட்டிய அறைக்குள் போய்விட்டது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கம்பெனிக்கு மட்டுமே தெரியும். எழுதியவனுக்கும் தெரியாது, நடித்தவனுக்கும் தெரியாது!

'டார்க்' என்ற ஜெர்மன் தொடரை 2017 முதல் 2020 வரை மூன்று பருவங்களில் முறையாக முடித்து உலகப் புகழ் பெற்றவர்கள் பாரன் போ ஓடாரும் யாஞ்ஜே ஃப்ரீஸும். அவர்களே 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனிக்காக '1899' என்ற தொடரைத் தந்தார்கள். அதுவும் மூன்று பருவக் கதைதான். கடற்பயணம் என்று நினைத்தது கடலே அல்ல என்று கடைசிக் காட்சியில் நாயகி கண்விழிக்கிறாள். 2023 ஜனவரி 2-ந் தேதி தொடர் நிறுத்தப்பட்ட செய்தி வருகிறது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை! சொன்ன கதையை ஒழுங்காக முடித்துக்காட்டியவர்களுக்கே இந்த மரியாதை என்றால், புதிதாக வருபவன் கதி என்ன?

'க்ளோ' என்ற தொடருக்கு நான்காம் பருவமே கடைசிப் பருவம் என்று அறிவித்து, படப்பிடிப்பும் தொடங்கிவிட்டார்கள். கொரோனா வந்து வேலை நின்றது. 2020 அக்டோபரில், கொடுத்த வாக்கைக் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது. எச்.பி.ஓ. கம்பெனியின் 'வெஸ்ட்வேர்ல்ட்' 2022 நவம்பரில் நான்கு பருவத்தோடு நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே கம்பெனி தன் இணையத் தளத்திலிருந்து அந்தத் தொடரையே எடுத்துவிட்டது. முடிவும் இல்லை; முன்பு காட்டியதும் இல்லை!

இதே கம்பெனிகளில் முறையிட்டுப் பெற்றதும் உண்டு. 2017 ஜூனில் 'சென்ஸ்8' என்ற தொடரை நெட்ஃபிளிக்ஸ் நிறுத்தியபோது, உலகின் பல நாட்டு மக்கள் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த மாத இறுதிக்குள்ளாகவே கம்பெனி இணங்கியது. 2018 ஜூனில் ஏறத்தாழ இரண்டரை மணி நேர முடிவுப் பகுதி வந்தது. கேட்டால் கிடைக்கும் என்பது பொய்யல்ல. சேர்ந்து கேட்க வேண்டும் என்பதே செய்தி.

148 நாட்கள்

கதை நின்றால் பார்ப்பவன் மனம் வாடும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால், அதே நாளில் இன்னொரு இடத்தில் அடுப்பு அணைகிறது. அரங்கம் கட்டும் தச்சன், விளக்குப் பிடிப்பவன், உடை தைப்பவள், வண்டி ஓட்டுபவன், ஒப்பனைக்காரி, எழுத்தறையில் கடைசி நாற்காலியில் இருக்கும் இளம் எழுத்தாளன் — அனைவரும் அந்தத் தொடருக்காக அமர்த்தப்பட்டவர்கள். அடுத்த பருவத்தை நம்பி வீட்டு வாடகை பேசியவர்கள். தொடரை நிறுத்தும் அறிவிப்பு அவர்களுக்குக் கதவடைப்பு அறிவிப்பே!

2023 மே 2-ந் தேதி அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தார் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறத்தாழ 11,500 பேர். 148 நாட்கள் நின்றார்கள். ஜூலை 14 முதல் நடிகர் சங்கமும் களமிறங்கி 118 நாட்கள் நின்றது. என்ன கேட்டார்கள்? கூலி உயர்வு கேட்டார்கள். எழுத்தறையில் இத்தனை பேராவது, இத்தனை வாரமாவது வேலை வேண்டும் என்றார்கள். எந்திரம் எழுதி எங்களைத் துரத்தலாகாது என்றார்கள். அவற்றோடு, "எங்கள் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள், கணக்கைக் காட்டு!" என்றார்கள்.

தோழர்களே, அந்தக் கடைசிக் கோரிக்கையை எண்ணிப் பாருங்கள். எந்த ஆலையில் எழுந்தாலும் முதலாளிக்கு மயக்கம் வரவழைக்கும் கோரிக்கை அல்லவா அது?

கம்பெனிகள் சும்மா இருந்தனவா? 'எ லீக் ஆஃப் தேர் ஓன்' என்ற தொடருக்கு நான்கே நான்கு பகுதிகள் தந்து கதையை முடித்துவைப்பதாக அமேசான் கம்பெனி அந்த ஆண்டு மார்ச்சில் வாக்களித்திருந்தது. ஆகஸ்டில் அந்த நான்கையும் பறித்துக்கொண்டு, வேலைநிறுத்தத்தின் மீது பழியைப் போட்டது. "உன் சங்கத்தால்தான் உன் கதை செத்தது" என்பது அதன் உட்பொருள். எங்கோ கேட்ட குரல்போல இருக்கிறதல்லவா?

ஆயினும் சங்கம் உடையவில்லை. செப்டம்பர் 27-ல் வேலை தொடங்கியபோது, இணைய வழியில் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற கணக்கைச் சங்கத்துக்குக் காட்டக் கம்பெனிகள் இசைந்திருந்தன. பெருந்திரளாகப் பார்க்கப்படும் தொடர்களை எழுதியவர்களுக்குக் கூடுதல் தொகையும் உறுதியாயிற்று. அந்த டிசம்பரிலேயே நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளின் பார்வைக் கணக்கை ஊரறிய வெளியிட்டது. பூட்டிய பெட்டி முழுவதும் திறக்கவில்லை. மூடி சற்றே நகர்ந்தது. நகர்த்தியது எது? சங்கம்! கதையை முடிக்காமல் நிறுத்தக்கூடாது என்ற விதி அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பதும் உண்மை. அது இனிப் பெற வேண்டியது.

நாம் கேட்பது என்ன?

கம்பெனித் தரப்பில் ஒரு வாதம் உண்டு. "ஆள் வராத கொட்டகையை எத்தனை நாள் நடத்துவது? ஒரு பகுதிக்குப் பல இலட்சம் டாலர் செலவாகிறதே!" என்பார்கள். அதில் உண்மையில்லை என்று சொல்ல மாட்டோம். எல்லாத் தொடரும் என்றென்றும் ஓட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டே போய்ச் சுவை கெட்ட தொடர்களும் உண்டு என்பதை நாம் அறிவோம்.

நாம் கேட்பது தொடர்ச்சியை அல்ல, முடிவை! நிறுத்தப் போகிறாயா, முன்கூட்டிச் சொல். எழுத்தாளனுக்கு ஒரு பகுதி கொடு, அவன் முடித்துவைக்கட்டும். நீ தர மாட்டாயானால், வேறொருவன் முடித்திட உரிமையை விட்டுக்கொடு. முன்பு காட்டியதையாவது அழித்துவிடாதே. இவை நான்கும் பெருங்கோரிக்கைகளா?

இயலாத காரியமென்றும் சொல்ல முடியாது. மெக்சிகோவிலும், பிரேசிலிலும், கொலம்பியாவிலும் தொலைக்காட்சிக் கதைகள் சில மாதங்கள் நாள்தோறும் ஓடி, முடிவோடு நிறைவது நெடுநாள் வழக்கம். கடைசிப் பகுதியன்று தெருக்கள் வெறிச்சோடும். கொரியத் தொடர்கள் பெரும்பாலும் பதினாறு பகுதி என்று அளவு வைத்துக்கொண்டு, கதையை முடித்தே விடைபெறுகின்றன. அங்கும் முதலாளிகள்தாம், அங்கும் விளம்பரந்தான். ஆனாலும் தொடக்கத்திலேயே முடிவுக்கு இடம் வைத்துக் கட்டுகிறார்கள். ஆகவே, பாதியில் நிறுத்துவது இயற்கையின் நியதி அல்ல; ஒரு வாணிப வழக்கம். மனிதன் ஏற்படுத்திய வழக்கத்தை மனிதன் மாற்றலாம்.

ஒரு கதையை ஊரறியத் தொடங்குவது வாக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும். "கேள், சொல்கிறேன்" என்று அழைத்தவன் நீ. வேலை முடித்துக் களைத்து வந்தவன், தன் ஓய்வு நேரத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்து உன்னிடம் கொடுத்தான். வாரம் தவறாமல் கொடுத்தான், ஆண்டுக்கணக்கில் கொடுத்தான். உழைப்பவனிடம் இருப்பதே அந்த நேரம்தான். அதை வாங்கிக்கொண்டு, விற்றுக் காசாக்கிக்கொண்டு, முடிவைச் சொல்லாமல் கதவைச் சாத்துவது கடனை ஏப்பமிடுவது ஆகாதா?

அந்தக் கடன் கம்பெனியின் பேரேட்டில் எழுதப்படுவதில்லை. எழுதவைக்க வேண்டியவர்கள், எழுதுகிறவர்களும், கட்டுகிறவர்களும், நடிக்கிறவர்களும், பார்க்கிறவர்களும். கடிதம் ஒன்று தனியாகப் போனால் குப்பைக் கூடை. ஒரு இலட்சம் போனால் அறிவிப்பு! கடலை ஒன்று போனால் வேடிக்கை. இருபது டன் போனால் முடிவு!

கேதரின் ஹெல்மண்ட் அம்மையார் 2019-ல் மறைந்துவிட்டார். அவர் புனைந்த ஜெசிகா டேட்டோ, இன்னமும் அந்தத் துப்பாக்கிகளின் எதிரே நின்றுகொண்டிருக்கிறாள்.